உஷார்! கழுத்துதானே என்று கை வைக்காதீர்கள்

வெடிமருந்தை இரண்டு முறை நிறுப்பார்கள். பிரைமரைக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் தொடுவார்கள். குண்டின் எடையைக் கையேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். ஆனால் தோட்டாக் கூட்டின் கழுத்தை மட்டும் பிரஸ்ஸின் கைப்பிடியை ஓர் அழுத்து அழுத்திவிட்டு, முடிந்தது என்று அடுத்த கூட்டுக்குப் போய்விடுவார்கள். ரைஃபிள் தோட்டாவை வீட்டில் மறுபடி நிரப்பும் பழக்கம் உள்ளவர்களே, உங்கள் முகத்துக்கு ஓரிரு அங்குலத்தில் நடக்கப்போகும் வெடிப்பு அந்த ஓர் அழுத்தில்தான் ஒளிந்திருக்கிறது!

அமெரிக்காவில் இது பரவலான பொழுதுபோக்கு. மான் வேட்டைப் பருவம் நெருங்கினால் கராஜ்களில் இரவெல்லாம் விளக்கு எரியும். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, பழைய பிரைமரைத் தள்ளி எடுத்து, விரிந்த கழுத்தை டை என்ற அச்சில் விட்டு இறுக்கி, புது பிரைமர், புது மருந்து, புதுக் குண்டு வைத்தால் தோட்டா தயார். சொந்த உபயோகத்துக்குச் செய்ய அங்கே மத்திய அரசின் உரிமம் வேண்டாம். தயாரித்து விற்பதைத் தொழிலாக்கினால்தான் வேண்டும். கருவிகளும் தாராளமாகக் கிடைக்கின்றன. கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் 1943இல் தொடங்கிய ஆர்சிபிஎஸ், விஸ்கான்சினின் லீ, நெப்ராஸ்காவின் ஹார்னடி என்று கடை முழுக்க டைகள். அங்கே போய்க் குடியேறிய நம்மவர்கள் சிலரும் இதில் இறங்கியிருக்கிறார்கள். இந்தியாவில் இருந்துகொண்டு இதைப் படித்துவிட்டுக் கை துறுதுறுப்பவர்களுக்குக் கட்டுரையின் கடைசியில் தனியாக ஒரு சேதி வைத்திருக்கிறேன். அதைப் படிக்காமல் எழுந்துவிட வேண்டாம்.

கழுத்துக்கு ஏன் இவ்வளவு பதற்றம்? அது செய்யும் வேலையைப் பாருங்கள்.

தோட்டாக் கூடு 70 சதவீதம் செம்பும் 30 சதவீதம் துத்தநாகமும் கலந்த பித்தளை. அடிப்பாகம் கெட்டியாக, கடினமாக இருக்கும். மேலே போகப் போகச் சுவர் மெலிந்து, தோளில் குறுகி, கழுத்தில் குண்டைப் பிடித்துக்கொள்ளும். பிரைமர் பற்றியதும் மருந்து எரிந்து வாயு பெருகும். அந்தக் கணத்தில் கழுத்து வெளிப்பக்கமாக விரிய வேண்டும். விரிந்தால்தான் குண்டு பிடி விட்டு வெளியேறும். குண்டு வெளியேறினால்தான் அழுத்தம் தணிய வழி கிடைக்கும். கழுத்து விரிந்து, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் சேம்பரின் சுவரில் ஒட்டிக்கொள்வதால் வாயு பின்பக்கம் கசியாமலும் இருக்கும். இவ்வளவும் கண் இமைப்பதற்குள்.

அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால் வயிறு கலங்கும். 1952இல் வந்த .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான சாமி விதித்த உச்சவரம்பு 62,000 பிஎஸ்ஐ. நம் வீட்டுப் பிரஷர் குக்கர் வேலை செய்வது சுமார் 15 பிஎஸ்ஐயில். வெயிட் போடும் துளையில் ஒரு பருப்பு அடைத்துக்கொண்டாலே சமையலறைக் கூரையில் சாம்பார் தெறிக்கிறது. இங்கே இருப்பது அதைப் போல் நாலாயிரம் மடங்கு அழுத்தம். அதன் வெளியேறும் வழிதான் கழுத்து. அந்த வழியை நீங்களே அடைத்து, தோளில் வைத்துக் கன்னத்தை ஒட்டிக்கொண்டு விசையை இழுத்தால் என்ன ஆகும்?

அடைப்பது எப்படி என்றுதானே கேட்கிறீர்கள். வேண்டுமென்று யாரும் அடைப்பதில்லை. பித்தளை தானாக வந்து அடைக்கிறது.

ஒவ்வொரு முறை சுடும்போதும், கூடு முழுவதையும் இறுக்கும் முழு டையில் விடும்போதும் பித்தளை கொஞ்சம் கொஞ்சமாக முன்பக்கம் நகர்கிறது. உடலிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து கழுத்துக்கு. கழுத்து நீளும், சில கூடுகளில் தடிக்கவும் செய்யும். தோளின் தடித்த பித்தளை கழுத்தின் அடியில் உட்பக்கமாகச் சேர்ந்து ஒரு வளையமாகத் திரளும். ரீலோடர்கள் அதை டோனட் என்கிறார்கள். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பளபளவென்று கூடு அழகாகவே இருக்கும். நீளமான குண்டை ஆழமாக உட்கார வைக்கும்போது அதன் அடி அந்த வளையத்தில் போய் இறுகும். இறுகிய இடத்தில் கழுத்து வெளிப்பக்கம் புடைக்கும்.

கணக்கைப் பாருங்கள். .308 குண்டின் விட்டம் 0.308 அங்குலம். கழுத்துச் சுவர் 0.015 என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து நிரப்பிய தோட்டாவின் கழுத்து 0.338. சேம்பரில் கழுத்துக்கான இடம் சுமார் 0.344. மிச்சம் இருப்பது 0.006 அங்குலம், கோயம்புத்தூர் லேத் பட்டறையில் ஆறு தௌ என்பார்களே, அதுதான். கழுத்து விரிய இருக்கும் மொத்த இடமே அவ்வளவு. சுவர் மூன்று தௌ தடித்துவிட்டால் இடம் பூஜ்யம். மனிதத் தலைமுடியின் தடிமனே மூன்று தௌ வரை இருக்கும். அந்த அளவு வித்தியாசத்தில் குண்டு பிடி விடுமா விடாதா என்பது தீர்மானமாகிறது!

இதைக் கண்டுபிடிக்க ஒரு பைசா செலவில்லாத சோதனை இருக்கிறது. அதைச் செய்யாதவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சுட்டு வெளியே வந்த கூட்டை டையில் விடுவதற்கு முன், அதே ரகக் குண்டு ஒன்றை எடுத்து அதன் வாயில் விடுங்கள். தன் எடையிலேயே வழுக்கி உள்ளே இறங்க வேண்டும். இறங்கினால் கழுத்து விரிய இடம் இருந்திருக்கிறது என்று அர்த்தம். வாயில் ஒரு பிசிறோ, துப்பாக்கி வெளியே எறிந்ததில் விழுந்த நெளிவோ இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் விரலால் அழுத்தினால்தான் இறங்குகிறது, அல்லது இறங்கவே இல்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அந்தக் குவியலில் ஒரு கூட்டைக்கூட நிரப்பாதீர்கள். உருண்டை முனை மைக்ரோமீட்டரால் கழுத்துச் சுவரை நாலு பக்கமும் அளந்து, சீவ வேண்டியதைச் சீவி, டோனட்டை ரீமரால் எடுத்த பிறகுதான் அடுத்த பேச்சு. சாதாரண வெர்னியரின் தட்டைத் தாடை வளைந்த சுவரை அளக்க லாயக்கில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

துல்லியச் சுடுதல்காரர்கள் இந்த இடைவெளியை வேண்டுமென்றே குறைத்துக்கொள்வார்கள். 1975இல் லூ பால்மிசானோவும் ஃபெரிஸ் பிண்டெலும் உருவாக்கிய 6எம்எம் பிபிசி தோட்டா பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளை ஆண்டது. .220 ரஷ்யன் கூட்டின் கழுத்தை அகலமாக்கிச் செய்தது அது. அதன் போட்டி ரைஃபிள்களில் சேம்பர் கழுத்து பெரும்பாலும் 0.262 அங்குலம். குண்டு 0.243. இரண்டு பக்கச் சுவருக்கும் சேர்த்துக் கிடைப்பது 0.019 மட்டும், அதிலும் விரிய இடம் விட வேண்டும். ஆகவே கழுத்தைச் சீவியே தீர வேண்டும். அவர்கள் சீவுகிறார்கள், அளக்கிறார்கள், மறுபடி அளக்கிறார்கள். உஷார் யாருக்கென்றால், அப்படியொரு ரைஃபிளைச் செகண்ட்ஹேண்டில் மலிவாக வாங்கிவிட்டு, அதன் சேம்பர் கழுத்து எவ்வளவு என்று விற்றவரிடம் கேட்காமல் கூட்டை அப்படியே நிரப்புகிறவருக்கு. சேம்பர் அளவு பேரலிலேயே பொறித்திருக்கும் பல துப்பாக்கிகளில். பொறிக்காவிட்டால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து வார்ப்பு எடுத்து அளக்கச் சொல்லுங்கள். சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் மூடக் கொஞ்சம் மல்லுக்கட்டுகிறது என்று உள்ளங்கையால் தட்டி மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தட்டுத்தான் கடைசி எச்சரிக்கையை நீங்களே மீறும் இடம்.

நீளத்தையும் இதே வரிசையில் சேர்க்க வேண்டும். .308இன் கூடு 2.015 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது, 2.005க்கு வெட்டிக்கொள்வது வழக்கம். நீண்டுபோன கழுத்தின் வாய் சேம்பரின் எல்லையைத் தாண்டிப் பேரல் குறுகும் இடத்தில் போய் முட்டி, உள்பக்கமாக மடங்கிக் குண்டைக் கவ்வும். விளைவு அதேதான். இறுக்கிய பிறகு அளந்து வெட்ட வேண்டும். இறுக்குவதற்கு முன் அளந்தால் அந்த அளவு உங்களை ஏமாற்றும், ஏனென்றால் இறுக்கும்போதுதான் கூடு நீளுகிறது.

இதுவரை சொன்னது ஒரே அளவுக் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பயன்படுத்துகிறவர்களுக்கு. கழுத்தின் அளவையே மாற்றி, ஒரு தோட்டாவை இன்னொரு தோட்டாவாக்குகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் பெரிது.

இந்தக் குடும்ப மரம் பழையது. 1906இல் வந்த .30-06 கூட்டின் கழுத்தைக் குறுக்கினால் .25-06, அகலமாக்கினால் .35 வீலன். .308இன் கழுத்தைக் குறுக்கினால் .243 வின்செஸ்டர், 7எம்எம்-08. கழுத்து குறுகும்போது அதே பித்தளை சின்னச் சுற்றளவுக்குள் அடங்க வேண்டியிருப்பதால் சுவர் தடிக்கும். .308ஐ .243 ஆக்குகிறவர் அளந்து சீவாமல் நிரப்பினால் நான் மேலே சொன்ன அடைப்பை முதல் சுற்றிலேயே தன் கையால் செய்கிறார். கடையில் .243 கூடு கிடைக்கும்போது எதற்கு இந்த வேலை என்பது என் கட்சி. தட்டுப்பாட்டுக் காலத்தில் செய்தோம் என்பார்கள். தட்டுப்பாடு போனபிறகும் பழக்கம் போகவில்லை.

இதில் .280 ரெமிங்டன் ஒரு தனிக் கண்ணி. ரெமிங்டன் அதை 1957இல் கொண்டுவந்தபோது, .30-06 வம்சத்திலேயே பிறந்த .270 துப்பாக்கியில் தவறிப்போய் நுழைந்துவிடக்கூடாது என்று தோளை 0.050 அங்குலம் முன்னால் தள்ளி வைத்தது. நல்ல முன்யோசனைதான். ஆனால் .30-06 கூட்டை எடுத்து .280 டையில் ஒரே அழுத்தில் கழுத்தைக் குறுக்குகிறவருக்குத் தோள் பழைய இடத்திலேயே, அதாவது பின்னாலேயே நிற்கும். சேம்பரில் தோட்டா முன்னால் தாங்க இடமில்லாமல் ஆடும். சுட்டதும் கூட்டின் மேல்பகுதி சேம்பர் சுவரில் ஒட்டிக்கொள்ள, அடிப்பாகம் மட்டும் அந்த ஐம்பது தௌ தூரம் பின்னால் இழுபடும். பித்தளை அவ்வளவு இழுவையைத் தாங்காது. அடிக்குச் சற்று மேலே வட்டமாகப் பிளந்து, கூடு இரண்டு துண்டாகும். பின்பக்கம் பீறிடும் வாயு போல்ட் வழியாகக் கண்ணைத் தேடி வரும்.

தெரிந்தவர்கள் முதலில் கழுத்தை .35 அளவுக்கு அகலமாக்கி, பிறகு பாதி தூரம் மட்டும் குறுக்கி, முன்னால் ஒரு பொய்த்தோள் நிறுத்துவார்கள். போல்ட் லேசான பிடிப்போடு மூடும் இடத்தில் நிறுத்திவிட்டால் தோட்டா ஆடாது. இதை ஒருவர் பக்கத்தில் நின்று காட்டாமல் படித்துவிட்டுச் செய்யாதீர்கள், இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டும்.

பிளவு வருவதற்கு முன் அடையாளம் காட்டும். கூட்டின் அடிக்கு மேலே பளிச்சென்று ஒரு வட்டக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் சின்னதாக வளைத்து, கூட்டின் உள்ளே விட்டு அடியிலிருந்து மேல்நோக்கித் தடவுங்கள். நுனி ஒரு பள்ளத்தில் மாட்டினால் அந்தக் கூட்டை இடுக்கியால் நசுக்கிவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும். நசுக்காமல் போட்டால் யாராவது பொறுக்கிக்கொண்டு போவார்கள்.

இன்னொரு வழியிலும் தோள் இடம் மாறும். டையின் உள்ளே கழுத்தை விரிக்கும் குமிழ் ஒன்று இருக்கும். கழுத்தின் உட்புறம் வறண்டிருந்தால் அந்தக் குமிழ் திரும்பி வரும்போது கிரீச்சென்று கத்தும். அந்தச் சத்தம் கழுத்தோடு சேர்த்துத் தோளையும் மேலே இழுக்கும் சத்தம். கழுத்துக்குள் கொஞ்சம் மைக்காப் பொடியோ கிராஃபைட்டோ தடவினால் அடங்கும். அதற்காக எண்ணெயைக் கொட்டாதீர்கள். மிஞ்சிய எண்ணெய் தோளில் தேங்கிக் கூட்டை நெளிக்கும். பிரைமரையும் மருந்தையும் நனைத்துச் செத்த தோட்டாவாக்கும். அப்படியொரு தோட்டா பலமில்லாமல் வெடித்துக் குண்டு பேரலிலேயே நின்றுவிட்டால், அடுத்த குண்டு அதன் முதுகில் போய் முட்டும். சத்தம் சப்பென்று கேட்டால் அடுத்ததைச் சுடாமல், துப்பாக்கியைக் காலி செய்து பேரலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

இனி எனக்கு உண்மையிலேயே தூக்கம் கெடுக்கும் விஷயம். .300 பிளாக்அவுட்.

சாமி அமைப்பு 2011இல் ஏற்றுக்கொண்ட தோட்டா இது. .223 கூட்டைத் தோளுக்குக் கீழே வெட்டி, புதிதாகக் கழுத்து எடுத்து, 0.308 குண்டு வைத்தது. ஏஆர்15 வகைத் துப்பாக்கியில் பேரலை மட்டும் மாற்றினால் போதும். அதே போல்ட், அதே மேகஸீன். வசதி அதுதான், வினையும் அதுதான். .223 பேரல் கொண்ட துப்பாக்கியில் .300 பிளாக்அவுட் தோட்டா தவறிப்போய் ஏறினால், சில குண்டு வடிவங்களில் போல்ட் பூட்டிக்கொண்டுவிடும். 0.308 குண்டு 0.224 துளைக்குள் போக வேண்டும். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம். போகாது. துப்பாக்கி கையிலேயே சிதறும். சிதறிய துப்பாக்கிகளின் படங்கள் ஏராளமாக உலவுகின்றன. மேல்பாகம் பிளந்து, மேகஸீன் கீழே பிய்ந்து தொங்கும் படங்கள்.

கடையில் வாங்கிய தோட்டாவானாலாவது அடியில் சரியான பெயர் பொறித்திருக்கும். வீட்டில் .223 கூட்டை வெட்டிச் செய்தவரின் தோட்டாவில் அடியில் இன்னும் .223 ரெமிங்டன் என்றே இருக்கும், அல்லது ராணுவக் கூடானால் லேக் சிட்டி ஆலையின் எல்சி என்ற எழுத்தும் ஆண்டும்தான். கழுத்தை மாற்றியவருக்குத் தெரியும். அவர் மகனுக்குத் தெரியாது, துப்பாக்கியை இரவல் வாங்கிய மச்சானுக்குத் தெரியாது, ஆறு மாதம் கழித்து மங்கிய வெளிச்சத்தில் டப்பாவைத் திறக்கும் அவருக்கே தெரியாது. ஆகவே இரண்டு அளவுத் தோட்டாக்களையும் ஒரே நாளில் ஒரே மேசையில் பரப்பாதீர்கள். மேகஸீனில் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் பட்டை சுற்றுங்கள். ரேஞ்சுக்கு இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துப் போங்கள். இரண்டு பேரலையும் ஒரே பையில் கொண்டுபோகிறவரின் பக்கத்து மேசையில் நான் உட்கார மாட்டேன்.

கழுத்தை மட்டும் இறுக்குவது பற்றியும் ஒரு வார்த்தை. உடலைத் தொடாமல் கழுத்தை மட்டும் இறுக்கும் டைகள் உண்டு. கூடு உழைக்கும், பித்தளை குறைவாக நகரும், துல்லியம் கூடும் என்பது வாதம். போல்ட் ஆக்ஷன் ரைஃபிளில், அதே ரைஃபிளில் சுட்ட கூட்டுக்கு, சரி. அரைத் தானியங்கித் துப்பாக்கிக்கு ஒருபோதும் வேண்டாம். எம்1 காரண்ட், எம்14 வகைகளில் ஃபயரிங் பின்னைப் பிடித்து நிறுத்த ஸ்பிரிங் இல்லை, ஏஆர்15இலும் அப்படித்தான். விரிந்த உடலோடு இருக்கும் கூடு சேம்பரில் பாதியில் சிக்க, போல்ட் முழுதாகப் பூட்டாத நிலையில் அந்தப் பின் தானாகப் பிரைமரைத் தட்டித் தோட்டா வெடித்தால், அவ்வளவு அழுத்தத்துக்கு முன்னால் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். பக்கத்து நண்பரின் ரைஃபிளில் சுட்ட கூட்டுக்கும், ரேஞ்சில் தரையில் பொறுக்கியதற்கும்கூட முழு டைதான்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: கழுத்துப் பிடி தளர்ந்திருப்பது. குழாய் மேகஸீன் கொண்ட .30-30 லீவர் ரைஃபிள்களில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். ஒவ்வொரு சூட்டின் உதையிலும் பின்தோட்டா முன்தோட்டாவை இடிக்கும். தளர்ந்த கழுத்தில் குண்டு உள்ளே சரிந்து, மருந்துக்கான இடம் குறுகி அழுத்தம் எகிறும். நிரப்பிய தோட்டாவின் குண்டைக் கட்டைவிரலால் மேசை விளிம்பில் அழுத்திப் பாருங்கள். அசைந்தால் அந்தத் தொகுதியே வேண்டாம்.

பித்தளைக்கு ஒரு பழைய வியாதி உண்டு. அதைக் கண்டுபிடித்த இடம் நம் மண். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படைகள் மழைக்காலத்தில் படை நடமாட்டத்தைக் குறைத்து, தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்களாம். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் கூடுகள் வெடித்திருக்கும், அதிலும் குண்டைக் கவ்விப் பிடித்த இடத்தில். பருவ வெடிப்பு என்று பெயர் வைத்தார்களே தவிர, காரணம் புரிய 1921 வரை ஆயிற்று. மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும், கூட்டை அச்சில் இழுத்து உருவாக்கியபோது பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது.

இன்றைய ரீலோடர் வீட்டில் குதிரை லாயம் இல்லை. ஆனால் பித்தளைக் குத்துவிளக்கு துலக்கும் பாலிஷ் இருக்கிறது. அம்மோனியா கலந்த பாலிஷ்களைத் தோட்டாக் கூட்டுக்குப் போட்டுத் துலக்கினால் அதே வியாதியைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். டையில் இறுக்கி இறுக்கி விறைத்துப்போன கழுத்துக்கு அது கேட்கவே வேண்டாம்.

விறைத்த கழுத்தை இளக்கத்தான் சூடு காட்டுகிறார்கள். கழுத்துக்கும் தோளுக்கும் மட்டும், சில நொடிகள். அடிப்பாகம் கடினமாகவே இருக்க வேண்டும். 62,000 பிஎஸ்ஐயைத் தாங்கி நிற்பது அந்தக் கடினம். அதுவும் இளகிவிட்டால் அந்தக் கூட்டை மீட்க வழியே கிடையாது. சுமார் 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் பித்தளை இளகத் தொடங்கும் என்பதால்தான் சமையல் ஓவனில் முழுக் கூட்டையும் வைத்துச் சூடாக்காதே என்று தலையில் அடித்துக்கொள்கிறோம். கழுவிய கூட்டை உலர்த்த ஓவனில் வைத்துவிட்டு மறந்துபோகிறவர்களுக்கும் இது பொருந்தும். தீ விபத்தில் கிடந்த கூடுகளை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். உருகிய உப்புத் தொட்டியில் முக்கும் முறை ஒன்று இப்போது பிரபலம். கூட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒட்டியிருந்தால் கொதிக்கும் உப்பு முகத்துக்குப் பாயும். எனக்கு அந்த முறையே பிடிக்காது.

உயிருள்ள பிரைமர் இருக்கும் கூட்டை டைக்கோ சூட்டுக்கோ அருகில் கொண்டுபோகவே கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். சொல்லிவிட்டேன்.

வீட்டில் குழந்தை இருந்தால் இதையும் கேளுங்கள். பெரும்பாலான பிரைமர்களில் ஈயக் கலவை இருக்கிறது. சுட்ட கூட்டின் கழுத்துக்குள் படிந்திருக்கும் கருப்புக் கரியில் அந்த ஈயம் கலந்திருக்கிறது. கழுத்தைத் துடைக்கும் பிரஷ்ஷும், கூட்டைக் குலுக்கிச் சுத்தம் செய்யும் இயந்திரமும் அதைத் தூசியாகக் கிளப்பும். குழந்தையின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021இல் அளவைக் குறைத்தது. கண்ணுக்குத் தெரியாத தூசிக்கு அந்த அளவை எட்டுவது பெரிய காரியமில்லை. இயந்திரத்தை வீட்டுக்கு வெளியே ஓட்டுங்கள். தோசை வார்க்கும் மேடையிலோ, பிள்ளைகள் படிக்கும் மேசையிலோ இந்த வேலை வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பிள்ளையைத் தூக்காதீர்கள். சட்டையையும் தனியாகத் துவையுங்கள்.

இப்போது சட்டம். அமெரிக்காவில் எச்1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. உரிமம் காலாவதியானால் விலக்கும் காலாவதி. இதில் பலர் கவனிக்காத வரி ஒன்று: அந்தச் சட்டத்தின்படி தோட்டா என்றால் முழுத் தோட்டா மட்டுமில்லை, கூடு, பிரைமர், குண்டு, மருந்து ஒவ்வொன்றும் தனித்தனியே தோட்டாதான். நண்பரின் கராஜில் நாம் சும்மா கழுத்து மட்டும்தானே இறுக்கினோம், அந்தக் கூட்டு டப்பாவை மட்டும்தானே வீட்டுக்குக் கொண்டுவந்தோம் என்ற வாதம் விசா அதிகாரியிடம் எடுபடாது. வழக்கறிஞரைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

இந்தியாவில் கதை இன்னும் கறார். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தபட்சத் தண்டனை ஏழு ஆண்டு. ஆயுள் வரை போகலாம். கையில் துப்பாக்கி உரிமம் இருப்பது தோட்டா செய்யும் உரிமம் ஆகாது. நம் ஊர் ரைஃபிள் கிளப்புகளில் 50 மீட்டர் போட்டிக்குச் சுடும் .22 தோட்டாவில் தீப்பற்றும் ரசாயனம் அடியின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் அதை மறுபடி நிரப்பும் பேச்சே கிடையாது. ஆக, இங்கே இருப்பவர்கள் ஆசைப்பட ஒன்றுமில்லை.

ஆனால் ஊருக்கு வருகிறவர்கள் இருக்கிறார்களே! இந்திய ஆயுதச் சட்டமும் தோட்டாவின் பாகங்களைத் தோட்டாக் கணக்கில்தான் சேர்க்கிறது. அழகாக இருக்கிறதென்று காலிக் கூட்டைச் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டு வருவதும், ரேஞ்சுக்கு எடுத்துப்போன முதுகுப்பையையே விமானத்துக்கும் மாட்டிக்கொண்டு வருவதும் ஸ்கேனரில் மாட்டும். பைக்குள் மறந்துபோய்க் கிடந்த ஒற்றைத் தோட்டாவுக்காக வழக்கு வாங்கி, அறிந்து வைத்திருக்கவில்லை என்று நீதிமன்றத்தில் நிரூபித்துப் பிறகு ரத்து செய்துகொண்டவர்கள் பலர். அதற்குள் விடுமுறை முடிந்திருக்கும், வேலையும் போயிருக்கலாம். ரேஞ்சுக்கு ஒரு பை, பயணத்துக்கு வேறு பை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முந்தைய இரவு, பயணப் பையின் பக்கவாட்டு ஜிப், அடித்தையல், தண்ணீர் பாட்டில் வைக்கும் வலைப்பை வரை கவிழ்த்து உதறிப் பாருங்கள். ரேஞ்சுக்குப் போட்டுப்போன கோட்டின் பாக்கெட்டுகளையும் சேர்த்து.